பல்சக்கரத்துப் பக்கம்

கிரீஸ் அதிகமாக வைத்தாலும் பேரிங் கெட்டுப்போகும். இதைப் பலர் நம்புவதில்லை. அக்கறை கொஞ்சம் கூடினால் என்ன குறைந்துவிடும் என்பார்கள். அளவுக்கு மேல் அடைத்த கிரீஸ் உள்ளேயே சூடேறி இளகி, தாங்க வேண்டியதைத் தாங்காமல் விட்டுவிடும். போதுமானதை வைத்துவிட்டுப் பிதுங்கி வருவதைத் துணியால் வழித்தெடுத்துவிட வேண்டும். மற்றபடி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வதில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. பொறுமை வேண்டும். தினமும் போய்ப் பார்க்க வேண்டும். அது போடுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

நீங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், மேடம். சொல்கிறேன். யார் மீதும் பழியைத் தள்ளிவிட மாட்டேன். எங்கள் முதலாளி நாகூர் மீரானைப் பற்றி ஊரில் பேசிக்கொள்வது சரியல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கஞ்சத்தனத்தால் இது நடந்தது என்கிறார்கள். அவர் கஞ்சர் இல்லை. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியவும் தெரியாது.

மண்டபத்தூர் போகிற சாலையில் சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் வருகிற கல்மாவு மில்தான் எங்களுடையது. கரூர்ப் பக்கத்திலிருந்து வெங்கச்சங்கல், அதாவது வெள்ளை குவார்ட்ஸ் கல், லாரியில் வரும். அதை கிரஷரில் உடைத்து, டிரம்மில் அரைத்து, முகப் பவுடரைவிட நைசாக ஆக்கி மூட்டை பிடித்து அனுப்புவோம். தரையில் பதிக்கிற டைல்ஸில் ஒரு பளபளப்பு இருக்கிறதே, கை கழுவும் பீங்கான் தொட்டியில் ஒரு மினுக்கு இருக்கிறதே, அதற்கெல்லாம் இந்த மாவுதான் போகிறது.

டிரம் என்று நாங்கள் சொல்வது படுக்க வைத்த பெரிய இரும்பு உருளை. ஒரு மினி பஸ்ஸைப் போல இருக்கும். உள்ளே பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கூழாங்கற்கள் கிடக்கும். உருளை சுற்றும்போது அவை மேலே ஏறி விழுந்து விழுந்து வெங்கச்சங்கல்லை மாவாக்கும். உருளையின் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போல ஒரு பெரிய பல்சக்கரம். மோட்டாரோடு சேர்ந்த சின்னப் பல்சக்கரம் ஒன்று அதைத் தள்ளிச் சுற்ற வைக்கும். இந்த இரண்டு சக்கரங்களும், உருளையின் இரு முனைகளையும் தாங்குகிற பேரிங்குகளும்தான் அதன் உயிர்.

முதலாளி துபாயிலிருந்து திரும்பி வந்த பிறகு, ஆந்திராவில் மூடிக் கிடந்த ஒரு மில்லிலிருந்து இதை வாங்கி வந்தார். இறக்கி வைத்தபோது பார்க்கச் சகிக்கவில்லை. பல்லுக்குப் பல் துரு. உள்ளே ஏதோ குருவி கூடு கட்டிவிட்டுப் போயிருந்தது. நான் டிப்ளமோ படித்தவன், வேறு ஆலையில் பராமரிப்பு வேலையில் இருந்தேன். இதைப் பார்ப்பதற்காக அந்த வேலையை விட்டுவிட்டு வந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க அதைப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊற வைத்து, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். தை மாதத்தில் ஒரு நாள் காலையில் அது சுற்றியது. முதலாளி அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கையெல்லாம் எண்ணெய், அவருடைய வெள்ளைச் சட்டையில் படப்போகிறதே என்றுதான் எனக்குக் கவலை.

இனி முக்கியமானதற்கு வருகிறேன்.

கல் அரைக்கிற இடத்தில் தூசி பறக்காமல் இருக்காது. அதை இழுப்பதற்கு ஒரு விசிறி உண்டு. நாங்கள் சக்‌ஷன் என்போம். அது தூசியைத் தகரக் குழாய் வழியாக இழுத்து, தலையணை உறை போன்ற துணிப்பைகளில் சேர்த்துவிடும். டிரம்மோடு கூடவே வந்த சக்‌ஷன் சிறியது. அதன் குழாய் ஒரு இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பல்சக்கரத்துப் பக்கம் போகும். இன்னொன்று மூட்டை பிடிக்கிற பேக்கிங் கொட்டகைக்குப் போகும். பிரிகிற இடத்தில் ஒரு தகடு, அதற்கு வெளியே ஒரு கைப்பிடி. கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தக் கிளைக்குக் காற்று போகும். நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் அரைகுறையாக இழுக்கும், எதற்கும் பயன்படாது.

முதல் வருடம் கைப்பிடி பேக்கிங் பக்கம்தான் இருந்தது. அந்த வருடக் கடைசியில் சின்னப் பல்சக்கரத்தின் பற்கள் கத்திமுனை போலத் தேய்ந்துவிட்டன. பல்லில் தடவிய கிரீஸில் கல்மாவு ஒட்டினால் அது கிரீஸ் இல்லை, சாணை. சுற்றச் சுற்றத் தன்னைத் தானே தின்றுவிடும். புதிய சக்கரத்தை மாட்டிய அன்றே கைப்பிடியைப் பல்சக்கரத்துப் பக்கம் தள்ளினேன். அதன் பிறகு அந்தச் சக்கரத்தை மாற்ற வேண்டி வந்ததே இல்லை. நீங்கள் போய்ப் பார்க்கலாம். பற்களின் விளிம்பில் புதிதில் கடைந்த கோடு இன்னமும் தெரியும்.

பேக்கிங் கொட்டகையில் பெண்கள்தான் வேலை செய்தார்கள். மாவு கொட்டுகிற வாயில் மூட்டையைப் பிடிப்பது, எடை பார்ப்பது, வாயைத் தைப்பது. அவர்களில் மூத்தவள் அல்லி. சுரக்குடிக்காரி. கை வேகம் என்றால் அப்படியொரு வேகம். நாலு தையலில் ஒரு மூட்டையை மூடிவிடுவாள். வாயும் அதே வேகம்.

ஒரு ஆயுத பூசையன்று நான் டிரம்முக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். அல்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்ணே, பொட்டு வச்சாச்சு, மாலை போட்டாச்சு. அதுக்கு மூச்சு முட்டக்கூடாதுன்னு தனியா கொழா வேற. அந்தக் கொழாய எங்க பக்கம் கொஞ்சம் திருப்புனா உங்க ராசாத்தி கோவிச்சுக்குவாளா?”

எங்கள் ஃபிட்டர் சஃபியுல்லா ஏணி மேல் இருந்தான். “நீ பல்சக்கரமா பொறந்திருக்கணும்க்கா. மனுஷியா பொறந்தது உன் தப்பு” என்றான்.

“அடுத்த பொறப்புல பாத்துக்கிறேன்டா. அப்ப எனக்குப் பல்லு வெளக்கிவிட நீதான் வரணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதலாளியின் கண்ணிலும் அது பட்டுத்தான் இருந்தது. ஒரு நாள் கொட்டகை வாசலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர் என்னைக் கூப்பிட்டார்.

“மூர்த்தி, உள்ள ஆள் மொகம் ஆளுக்குத் தெரியல. மாவுல பொரட்டுன மீனு மாதிரி நிக்கிறாங்க அந்தப் பொம்பளைங்க. இன்னொரு சக்‌ஷன் போட்டுருவமா?”

“வேணாம் மொதலாளி. அங்க இழுத்தா தூசிய மட்டும் இழுக்காது. மாவையும் சேத்து இழுத்துரும். நைஸ் போயிரும். பார்ட்டி சரக்கத் திருப்பி அனுப்பிருவான்.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நாளைக்கி மறுமையில கேள்வி நமக்குத்தான்.”

“நான் பாத்துக்கிறேன் மொதலாளி.”

அவர் என்னை நம்பினார். நான் சொன்னதில் பாதி உண்மை. அளவாகச் செய்த சக்‌ஷன் மாவை இழுக்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் புதிய விசிறியை நிறுத்த டிரம்மின் அஸ்திவாரத்தை ஒட்டித்தான் இடம் இருந்தது. அங்கே காங்கிரீட்டை உடைக்க வேண்டும். நான் நூல் பிடித்து, மட்டம் பார்த்து, தாள் கனம் பிசகாமல் உட்கார வைத்த டிரம் அது. அதன் காலடியில் கடப்பாரை விழுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பதிலாக வெல்லம் வாங்கச் சொன்னேன். தூசி பறக்கிற ஆலைகளில் தொழிலாளிகளுக்கு வெல்லம் கொடுப்பது பழைய வழக்கம். நெஞ்சில் ஒட்டியதை வெல்லம் அடித்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். தினமும் மூன்று மணித் தேநீரோடு ஆளுக்கு ஒரு அச்சு வெல்லம். நானே கையால் கொடுப்பேன். அதில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது. விழுங்குகிற வெல்லம் வயிற்றுக்குத்தான் போகும், மூச்சுக் குழாய்க்குப் போகாது என்பது பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அவர்கள் வாங்கிக்கொள்ளும்போது முகம் மலர்ந்தது. முகமூடிகளும் வாங்கிக் கொடுத்தேன். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் அவற்றைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்கள். நான் வற்புறுத்தவில்லை. தரையில் தண்ணீர் தெளிக்கட்டுமா என்று ஒருத்தி கேட்டாள். அதை மட்டும் தடுத்தேன். ஈரம் ஏறினால் மாவு கட்டி தட்டும். அதோடு கடல் காற்றின் உப்பும் சேர்ந்தால் இரும்பு தாங்காது.

பேரிங்கைச் சோதிக்க என்னிடம் ஒரு நீண்ட ஸ்குரூ டிரைவர் உண்டு. அதன் நுனியைப் பேரிங் உறையில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்தால் உள்ளே நடப்பது கேட்கும். நன்றாக இருக்கும் பேரிங் மழை பெய்வது போல ஒரே சீராக ஓடும். கெடத் தொடங்கியதில் நடுநடுவே ஒரு சின்னக் கீறல் விழும். வெளியே நிற்பவனுக்கு எதுவும் தெரியாது. பல மாதம் ஓடும். ஆனால் கீறல் விழுந்துவிட்டால் எந்தக் கிரீஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. மாற்றுப் பேரிங்குக்குச் சொல்லி வைக்க வேண்டியதுதான்.

ஒரு நாள் வெல்லம் கொடுக்கும்போது அல்லி எனக்கு மிக அருகில் நின்றாள். படி ஏறி வந்திருந்தாள், நாலே படி. ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்து, மூச்சு அடங்கட்டும் என்று நிறுத்திக்கொண்டாள். அவள் மூச்சுக்கு நடுவில் அந்தக் கீறலைக் கேட்டேன். தவறாகக் கேட்கிற காது இல்லை என்னுடையது. டாக்டர் எவரும் பார்ப்பதற்கு முன்னால், அவள் வீட்டாருக்குத் தெரிவதற்கு முன்னால், எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே அவள் இடத்துக்கு யாரைப் போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு பழகிய கை உடனே கிடைக்காது.

சில மாதம் கழித்து இருமலில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். அவள் கணவன் இல்லாதவள், மகளுக்கு அன்றைக்குக் கல்லூரியில் பரீட்சை. ஆட்டோவில் போகும்போது, “எனக்குக் கூடப்பொறந்தவன் இருந்தாக்கூட இப்டிப் பாக்க மாட்டான்ணே” என்றாள்.

டாக்டர் அம்மா நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். சளியில் கிருமி தெரியவில்லை என்பது அவருக்கு உறுத்தியது.

“என்ன வேலம்மா பாக்குறீங்க?”

அல்லி வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். “வயக்காட்டு வேலைங்க டாக்டர். சுரக்குடி. நெல்லு தூத்துறது, பதரு பொடைக்கிறது. எப்பவும் தூசிதான்.”

அல்லி திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, “ஆமாங்க” என்றாள்.

டி.பி. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றபோதுதான் கேட்டாள்.

“ஏண்ணே அப்டிச் சொன்னீங்க?”

“மில்லுன்னு சொன்னா மேல எழுதுவாங்க. ஆபீசருங்க வருவாங்க. பூட்டு போட்டுட்டுப் போயிருவாங்க. உன்னோட சேத்து அத்தன பேரு வீட்டு அடுப்பும் அணைஞ்சிரும்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அதுவும் சரிதான். நீங்க யோசிக்காம ஒண்ணு சொல்ல மாட்டீங்க” என்றாள்.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வேலைக்கு வந்தாள். டி.பி. என்று தெரிந்ததும் ஊரில் அவளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். சொந்தத் தங்கை மகள் வளைகாப்பில் பந்திக்கு உட்கார வேண்டாம், இலையைக் கட்டித் தருகிறோம் என்றார்களாம். அதை மில்லில் எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொன்னாள். மாத்திரையால் அவளுக்கு எதுவும் ஆகப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். மாத்திரை கிருமியைக் கொல்லும், கல்லை என்ன செய்யும்? கடைசி மாதங்களில் படுத்தால் மூச்சு வராது என்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். மாசியில் போனாள். நான் மாலை வாங்கிக்கொண்டு போனேன். முதலாளியும் வந்திருந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தபோது அவள் மகள் நித்யஸ்ரீயிடம் பேசினேன். பி.காம். முடித்துவிட்டு அரசாங்கப் பரீட்சைகளுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அது கிடைக்கிற வரைக்கும் ஏதாவது வேலை வேண்டும் என்ற பெரியவர்களிடம், அம்மா வேலையையே பார்க்கட்டுமே என்று சொன்னேன். முதலாளி மிகவும் நெகிழ்ந்துபோனார். “நல்ல காரியம் பண்ணீங்க மூர்த்தி, பெத்தவ இல்லாத புள்ள” என்றார். அம்மா என்னை அண்ணன் என்றதால் மகள் மாமா என்று கூப்பிட்டாள். கையும் அம்மாவின் கைதான். ஒரு வாரத்தில் அதே நாலு தையல்.

ஆனால் அம்மாவைப் போல அவள் கேலி பேசுகிறவள் இல்லை. மேலே அண்ணாந்து பார்க்கிறவள். முகத்தில் இரண்டு மடிப்புத் துணி கட்டிக்கொண்டு, கொட்டகைக்கு வந்து சும்மா நிற்கிற குழாயை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்து போய், கைப்பிடி வரைக்கும் போய்விட்டாள். சஃபியுல்லா அதைத் தள்ளிக் காட்டியிருக்கிறான். அன்று மாலைக்குள் கொட்டகை தெளிந்துவிட்டது. எதிர்ச் சுவரில் ஒரு ஜன்னல் இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்தோம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

நான் மறுநாள் டிரம்மில் ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்டேன். சத்தம் இன்னும் மாறவில்லை. ஆனால் பல்லில் கிரீஸ் சாம்பல் நிறமாக மாறத் தொடங்கியிருந்தது. கைப்பிடியைப் பழையபடி தள்ளினேன். அடுத்த நாள் அது திரும்பி இருந்தது. மறுபடி தள்ளினேன். இப்படியே கொஞ்ச நாள் போனது. ஒரு முறை நான் தள்ளிக்கொண்டிருந்தபோது நித்யஸ்ரீ கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் துணி இருந்ததால் என்ன நினைக்கிறாள் என்று தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சஃபியுல்லா ஜும்மாவுக்குப் போயிருந்தான். பெண்கள் சாப்பாட்டுக்குச் சவுக்குத் தோப்புக்குப் போயிருந்தார்கள். நான் வெல்டிங் மிஷினை இழுத்து வந்து கைப்பிடியைப் பல்சக்கரத்துப் பக்கம் தள்ளி வைத்துப் பற்ற வைத்தேன். பெரிய வேலை இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு பற்று. அவன் தொழுதுவிட்டு வந்தபோது இரும்பு இன்னும் ஆறவில்லை.

“இது என்னண்ணே?”

“தகடு ஆடிக்கிட்டே இருந்துச்சு. நிப்பாட்டிட்டேன்.”

“அல்லியக்கா எதுனால செத்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“டி.பி.ன்னு டாக்டரே எழுதியிருக்காங்க.”

தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். “இப்பத்தாண்ணே தொழுதுட்டு வரேன். இதுக்கு ஆமான்னு தலையாட்ட என்னால முடியாது” என்றான். மறுவாரம் வேலையை விட்டு நின்றான். பிறகு ஷார்ஜா போய்விட்டதாகக் கேள்வி. நல்ல ஃபிட்டர். அவனைப் போல ஒருவன் அப்புறம் கிடைக்கவில்லை.

நித்யஸ்ரீயிடம் ஆயுத பூசைக்குள் புதிய சக்‌ஷன் வந்துவிடும் என்று சொன்னேன். அடுத்த ஆயுத பூசைக்கும் அதையே சொன்னேன். அவள் வேலையை விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். வீட்டில் அவளை நம்பித் தம்பி ஒருவன் படித்துக்கொண்டிருந்தான். பரீட்சை முடிவுகள் வருவதும் தள்ளிப்போவதுமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கு மாதம் தவறாமல் கிடைக்கிற வேலை வேறு என்ன இருக்கிறது?

இந்தச் சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு கோயிலுக்குப் போனவள் பிராகாரத்தைப் பாதி சுற்றியதும் உட்கார்ந்துவிட்டாளாம். மறுநாள் அவள் மில்லுக்கு வரவில்லை. பெட்டியிலிருந்த அம்மாவின் பழைய படத்தை எடுத்துக்கொண்டு அதே டாக்டர் அம்மாவிடம் போயிருக்கிறாள். என்ன வேலை என்று அவர் கேட்டதற்கு, அவள் கூட யாரும் இல்லாததால், இருப்பதைச் சொல்லியிருக்கிறாள். தன் அம்மாவும் இதே வேலையைத்தான் பார்த்தாள் என்றும் சொல்லியிருக்கிறாள். அவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் மேலே எழுதிப் போட்ட பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

நீங்கள் மில்லுக்கு சீல் வைத்த அன்று அவள் கேட்டருகே நின்றிருந்தாள்.

“மாமா.”

“சொல்லும்மா.”

“எங்கம்மா வயக்காட்டு வேலன்னு டாக்டர்கிட்ட சொன்னது நீங்கதானே?”

“ஆமா.”

“அம்மாவுக்கு என்னன்னு தெரிஞ்சேதான் என்னையும் கூப்டீங்களா?”

“உங்க வீட்டுல வேலை வேணும்னு சொன்னாங்க.”

“வேலதான் கேட்டோம்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “மூச்ச எடுத்துக்கங்கன்னு சொல்லல.”

நான் கேட்டுக்கொண்டிருந்தது வேறொன்றை. அவள் அம்மாவுக்கு விழுந்த கீறலைவிட இது ஆழமாக இருந்தது. இவ்வளவு இளவயதில் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதை என் கணக்குத் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே, மேடம், இதில் முதலாளிக்குப் பங்கில்லை. சஃபியுல்லாவுக்குப் பங்கில்லை. கைப்பிடியைத் தள்ளியது நான். வேண்டாம் என்று இன்னொரு சக்‌ஷனைத் தடுத்தது நான். டாக்டரிடம் பொய் சொன்னது நான். பற்ற வைத்தது நான். பேக்கிங் கொட்டகையில் என்ன நடக்கும் என்று தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சீல் வைத்த டிரம்மை அப்படியே விடாதீர்கள். இத்தனை எடை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு நின்றால் பேரிங்கில் தழும்பு விழும். யாரையாவது அனுப்பி வாரம் ஒரு முறை கால் சுற்றாவது சுற்றி வைக்கச் சொல்லுங்கள். யார் செய்தாலும் சரி. எப்படிச் செய்ய வேண்டும் என்று நான் இங்கிருந்தே சொல்லிக் கொடுப்பேன். அது எந்தத் தவறும் செய்யவில்லை.

நேற்று எல்லோருக்கும் எடுத்த நெஞ்சுப் படங்களை இந்த மேசை மேல் பரப்பி வைத்துக் காட்டினீர்கள். பேக்கிங் பெண்கள் எல்லோருடையதிலும் மேல்பாதியில் வெள்ளை. நித்யஸ்ரீயின் படத்தில் இரண்டு பக்கமும் மாவு தூவிக் கையால் அழுத்தியது போல இருந்தது. இதற்கு மருந்து இல்லை என்று டாக்டர் அம்மா சொன்னதாகச் சொன்னீர்கள். எனக்கும் தெரியும். கடைசியாக என் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தீர்கள். திருப்பிப் பிடித்தும் பார்த்தீர்கள். அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

பிறகு மில்லின் வரைபடத்தை விரித்து என் மேசை எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். விரல் வைத்துக் காட்டினேன். பல்சக்கரத்தை ஒட்டி, சக்‌ஷன் குழாயின் வாய்க்கு நேர் கீழே. முதல் வருடம் என் மேசை பேக்கிங் கொட்டகையில்தான் இருந்தது. கைப்பிடியைத் திருப்பிய அதே வாரத்தில் இந்தப் பக்கம் மாற்றிக்கொண்டேன். நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்ன நினைத்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது, மேடம். ஆனால் அப்படி இல்லை. நான் நாற்காலியை அங்கே போட்டது பல்சக்கரத்தின் சத்தத்தைக் கேட்பதற்காகத்தான்.